ஒன்பது முடிச்சுப் பட்டை

மலை உச்சிக் காட்டில் முள்ளாண்டி என்றொரு கிழட்டு முள்ளம்பன்றி இருந்தது. அதற்குப் பின்னல் வேலை தெரியும்.

மலையடிவாரத்தில் கம்பளிச் சால்வை பின்னுகிற வீடுகள் இருந்தன. அங்கே வெட்டி எறிகிற நூல் துண்டுகளை முள்ளாண்டி பொறுக்கி வரும். எதுவும் ஒரு சாணுக்கு மேல் இருக்காது. சிவப்பு, பச்சை, சாம்பல் என்று கிடைத்ததையெல்லாம் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு நீளமாக்கும். தன் முதுகிலிருந்து உதிர்ந்த இரண்டு முட்கள்தான் ஊசி.

மிச்ச நூலில் சால்வையா பின்ன முடியும்? கையகலத்தில் வளையமாக ஒரு பட்டை வரும். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பட்டை கழுத்தில் போட்டால் மப்ளர். தலைக்கு ஏற்றினால் குல்லா. இடுப்புக்கு இறக்கினால் வயிறு குளிராது.

மார்கழி பிறந்ததும் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்தது. முள்ளாண்டி பின்னி வைத்த பட்டைகளைச் சுனைக்கரைக்குக் கொண்டுவந்தது. முயல் ஒரு பட்டையை வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டது. கீரி இடுப்பில் போட்டுக்கொண்டது.

பூவாத்தாள் என்ற மந்தி பிறந்து பத்து நாளான குட்டியோடு வந்தது. பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தது.

“என்ன மாமா இது? ஒரு நிறமா ரெண்டு நிறமா! நடுநடுவே முடிச்சு வேற!”

“ஒன்பது முடிச்சு, எண்ணித்தான் போட்டிருக்கேன். குட்டிக்குப் போடு. ஆனா முடிச்சுல மட்டும் கை வைக்காதே. ஒண்ணு அவிழ்ந்தா எல்லாம் அவிழ்ந்துடும்.”

“குப்பை பொறுக்கிக்குப் பேச்சைப் பாரு!” என்றது மந்தி. “முடிச்சா இது? எனக்குப் பேன் மாதிரி தெரியுது!”

சுனைக்கரையே சிரித்தது. கீரி விழுந்து விழுந்து சிரித்தது. மந்தி பட்டையைக் குட்டியின் கழுத்தில் மாட்டிக்கொண்டு மரமேறிவிட்டது.

முள்ளாண்டி மிச்சப் பட்டைகளைச் சுருட்டிக்கொண்டது. வளைக்குத் திரும்பியது. குப்பை பொறுக்கி! அந்த வார்த்தையை அது மறக்கவில்லை. சாப்பிடும்போதும் நினைத்தது, பின்னும்போதும் நினைத்தது. வாங்கிக்கொண்ட கையாலேயே அடித்தவளை எப்படி மறப்பது?

மந்திக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. சும்மா உட்கார்ந்தால் கை சும்மா இருக்காது. மகளுக்கு அம்மா பேன் பார்க்கும், அம்மாவுக்கு அத்தை பார்க்கும். பூவாத்தாளின் விரல்கள் குட்டியின் கழுத்தைத் தடவின. உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது. கிள்ளி எடுத்தது. பழக்கதோஷத்தில் வாயிலும் போட்டுக்கொண்டது. பிறகு அடுத்தது. அதற்குப் பிறகு அடுத்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் பட்டை இல்லை. சாண் சாணாக நூல்தான் கிளையில் தொங்கியது. அதையும் காற்று கொண்டுபோனது.

அன்றைக்குப் பார்த்துப் பனி மோசமாக இறங்கியது. மந்தி குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு முள்ளாண்டியின் வளைக்கு ஓடிவந்தது.

“மாமா! பட்டை அவிழ்ந்து போச்சு. பிள்ளைக்கு உடம்பெல்லாம் நடுங்குது. இன்னொண்ணு கொடுங்க மாமா!”

வளைக்குள் முள்ளாண்டியின் வயிற்றுக்கடியில் பின்னி முடித்த பட்டை ஒன்று இருந்தது. அதன்மேல்தான் அது படுத்திருந்தது.

“குப்பைதானே அது? உனக்கு எதுக்கு?”

“தப்புத்தான் மாமா. வாய்த்துடுக்கு!”

“இங்க யார் காதுல விழுது? நாளைக்குக் காலையில சுனைக்கு வா. எல்லார் முன்னாடியும் கேலி பண்ணினியே, எல்லார் முன்னாடியும் சொல்லு. அப்புறம் பார்க்கலாம்.”

“காலை வரைக்குமா? பிள்ளை தாங்காது மாமா!”

“அன்னிக்கு நான் தாங்கலையா?”

மந்தி கொஞ்ச நேரம் வாசலில் நின்றது. பிறகு போய்விட்டது. முள்ளாண்டி புரண்டு படுத்தது. பட்டை கதகதப்பாக இருந்தது.

விடிந்தது. முள்ளாண்டி பட்டையை வாயில் கவ்விக்கொண்டு எல்லாருக்கும் முன்பே சுனைக்கு வந்து நின்றது. முயல் வந்தது, கீரி வந்தது. கடைசியில் பூவாத்தாள் வந்தது. குட்டி அதன் மார்போடு ஒட்டியிருந்தது.

“எல்லாரும் கேளுங்க,” என்றது மந்தி. “நான் மாமாவைக் குப்பை பொறுக்கின்னு சொன்னேன். சொன்ன வாய் அழுகிப்போகட்டும். முடிச்சைத் தொடாதேன்னு சொன்னார், தொட்டேன். என் புத்தி அவ்வளவுதான். போதுமா மாமா? இன்னும் சொல்லணுமா?”

முள்ளாண்டியின் நெஞ்சு நிறைந்தது. மூன்று நாளாகக் காத்திருந்தது இதற்குத்தான். பட்டையை நீட்டியது.

மந்தி அதை வாங்கிக் குட்டியின் தலைவழியே மாட்டியது. தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. நிமிர்த்தி வைத்தது. மறுபடியும் சரிந்தது.

“இனிமே குளிராது சாமி,” என்றது மந்தி.

கீரி கிட்டப் போய்க் குட்டியை முகர்ந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. முயல்தான் மெல்லக் கேட்டது. “பட்டை நேத்தே இருந்ததா தாத்தா?”

முள்ளாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மந்தி அங்கேயே உட்கார்ந்து குட்டியின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தது. வெயில் ஏறியும் எழுந்திருக்கவில்லை. அதன் விரல்கள் ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுத் தொட்டுப் போயின. ஒன்றைக்கூடக் கிள்ளவில்லை.

வன்மத்தை நாளைக்கும் வைத்துக்கொள்ளலாம். உதவியை நாளைக்கு வைத்தால் வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது.