செவலையின் கழுத்துக் கயிறு

அந்தக் காலத்தில் மாடுகள் பேசின. நாய், கோழி, ஓணான் எல்லாமே பேசின என்றாலும், மனிதர்களோடு நின்று நாலு வார்த்தை நிதானமாகப் பேசியது மாடுகள்தான். கோழிக்கு எப்போதும் அவசரம். நாய் பேச ஆரம்பித்தால் சண்டையில்தான் முடியும்.

அப்போது மாட்டுக்குக் கயிறு கிடையாது. பகலெல்லாம் மேய்ந்துவிட்டு, பொழுது சாய்ந்தால் கண்ணில் பட்ட வீட்டு வாசலில் போய்ப் படுத்துக்கொள்ளும். இதில் இரண்டு பக்கமும் தொல்லை இருந்தது. இன்றைக்குத் தவிடு வைத்தவள் நாளைக்கு வைக்க மாட்டாள். "நேத்து உன் பாலைக் குடிச்சவ அவதானே, அவகிட்டப் போய்க் கேளு" என்று விரட்டுவாள். பொறுத்துப் பார்த்த மாடுகள் கூடிப் பேசி, தாங்களே மனிதர்களிடம் வந்து கயிறு கேட்டன.

"எங்க கழுத்துல ஒரு கயிறு கட்டிவிடுங்க. எந்தக் கை முடிச்சுப் போடுதோ, அந்த வீட்டு மாடா இருந்துக்கறோம். பாலும் அந்த வீட்டுக்கு, உழவும் அந்த வீட்டுக்கு. ஆனா முடிச்சுப் போட்ட கைதான் அவிழ்க்கணும். வேற யாராவது அறுத்தா நாங்க மலையேறிப் போயிருவோம்."

மனிதர்கள் சரி என்றார்கள். மூக்குக் குத்துவது, முளையில் கட்டுவது எல்லாம் பின்னால் வந்தது. அன்றைக்குக் கழுத்தில் ஒரு கயிறு, அவ்வளவுதான். கட்டுவதில்தான் எல்லோருக்கும் ஆசை இருந்தது. அவிழ்ப்பதைப் பற்றி யாரும் ஒன்றும் யோசிக்கவில்லை.

ஓடைக்கு இந்தக் கரையில் நாச்சாயி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் செங்கோடன். அவர்களிடம் ஒரு செவலைப் பசு இருந்தது. கன்றாக இருந்தபோதே அதற்குக் கயிறு கட்டியவள் நாச்சாயிதான். பழைய கயிறு நைந்தால் அவளே கற்றாழை நார் திரித்துப் புதுசு கட்டி, அப்புறம்தான் பழசை அவிழ்ப்பாள். செவலை அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடும். "நாச்சாயி, உன் குழம்பு தீயுது, என்னை அப்புறம் கொஞ்சு" என்கிற அளவுக்குப் பழக்கம்.

ஒரு வருஷம் மழை இறங்கி உழவு தொடங்கும் நேரத்தில் செங்கோடனின் காளை செத்துப்போனது. ஓடைக்கு அந்தக் கரையில் மாரப்பன் என்பவனிடம் நல்ல காளை ஒன்று இருந்தது. அவன் வீட்டில் கறவை இல்லை. அவன் மனைவி பொன்னாத்தாளுக்குப் பிரசவம் ஆன கையோடு காய்ச்சல் கண்டு பால் வற்றிவிட்டது. கைக்குழந்தை கஞ்சித் தெளிவில் கிடந்தது. காளைக்குப் பசு என்று இரண்டு ஆண்களும் பேசி முடித்தார்கள். நாச்சாயியும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நிலம் தரிசாகக் கிடந்தால் அவள் பிள்ளைகளும்தானே பட்டினி.

மாரப்பன் காளையை ஓட்டி வந்தான். வாசலில் நிறுத்தியதும் அதன் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துத் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

"ஏனுங்க தம்பி, கயித்தையுமா எடுத்துக்கறீங்க?" என்றான் செங்கோடன்.

"காளையைத்தானே கேட்டீங்கண்ணா? கயிறு புதுசு. நாலு வெயில் பார்க்கலை."

செங்கோடன் சிரித்துவிட்டு வேறு கயிறு எடுத்துக் கட்டினான். காளை மாரப்பன் பக்கம் திரும்பாமல் தொட்டியில் வாயை வைத்தது.

உள்ளே நாச்சாயி களி கிண்டிக்கொண்டிருந்தாள். "இந்தா புள்ள, வந்து செவலை கயித்தை அவிழ்த்துவிடு" என்று செங்கோடன் குரல் கொடுத்தான்.

"கயித்தோடவே போகட்டும். அந்த ஆளாட்டம் ஒரு முழக் கயித்துக்குக் கணக்குப் பார்க்கிற வீடா நம்முது?"

செவலை அடுப்படி வாசல் வரைக்கும் வந்து தலையை நீட்டியது. "நாச்சாயி, முடிச்சு?"

"இருக்கட்டும். நான் திரிச்ச கயிறு. அங்க என்ன சொரசொரப்பானதைக் கட்டுவாங்களோ."

அது பாதிக் காரணம்தான். கயிறு கழுத்தில் கிடந்தால் என்றைக்காவது ஒருநாள் திரும்பி வரும் என்பது மீதிப் பாதி. அதை அவள் தன் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

"அப்போ சரி" என்றது செவலை. அதன் கன்று பின்னால் போக, ஓடையைத் தாண்டிப் போனது.

இந்தக் கரையில் காளை நன்றாக உழுதது. அந்தக் கரையில் பால் இறங்கவில்லை.

பொன்னாத்தாள் மடியைக் கழுவினாள், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள், பருத்திக்கொட்டை ஆட்டி வைத்தாள். செவலை எல்லாவற்றையும் மரியாதையாகத் தின்றது. மடி கனத்துத்தான் இருந்தது. கையை வைத்தால் ஒரு சொட்டு வராது. கன்று முட்டினாலும் அதே கதை. கன்று புல் கடிக்கப் பழகியிருந்ததால் பிழைத்தது.

"ஏனம்மா, உனக்கு நாங்க என்ன கொறை வச்சோம்?" என்று பொன்னாத்தாள் கேட்டாள்.

"ஒரு கொறையும் இல்லீங்க அம்மிணி. உங்க வீட்டுப் பருத்திக்கொட்டை அந்த வீட்டைவிட ருசி. நான் பாலை ஒளிக்கலைங்க. நாச்சாயி போட்ட முடிச்சு கழுத்துல கிடக்குது. அது கிடக்கிற வரைக்கும் இந்தப் பால் அவ வீட்டுப் பால். என் இஷ்டத்துக்கு எப்படிங்க இறங்கும்?"

பொன்னாத்தாள் முடிச்சில் கை வைத்துப் பார்த்தாள். இழுக்க இழுக்க அது இறுகியது. மாரப்பன் அரிவாளை எடுத்துக்கொண்டு வந்தான்.

"அறுக்கறதுன்னா அறுங்க" என்றது செவலை. "அப்புறம் நான் யாரு வீட்டு மாடும் இல்லை. மலையைப் பார்த்துப் போயிருவேன். பேச்சு அப்படி."

மாரப்பன் அரிவாளைக் கூரையில் செருகினான். "கயித்தைக் கொடுத்தே கெடுத்துட்டாங்களே" என்று அவன் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை. குழந்தையின் அழுகை நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே வந்தது. முதலில் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டது. பிறகு தேய்ந்துபோய் அந்த வீட்டுக்குள் மட்டும் கேட்டது. பிறகு குனிந்தால்தான் கேட்டது.

பொன்னாத்தாள் குழந்தையைத் துணியில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு, செவலையையும் கன்றையும் முன்னால் விட்டு, ஓடையைத் தாண்டி நாச்சாயி வாசலில் வந்து நின்றாள். நல்ல வெயில். விஷயத்தைச் சொன்னாள்.

நாச்சாயியின் முகம் மலர்ந்ததை அவளால் மறைக்க முடியவில்லை. "எனக்குத் தெரியும். எங்க செவலை வேற கைக்குப் பால் விடாது."

"பெருமைதானுங்க அக்கா. அந்தப் பெருமையைக் காய்ச்சி என் புள்ளைக்கு ஊத்த முடியலை."

நாச்சாயி கொஞ்சம் அடங்கினாள். "அப்போ செவலை இங்கயே இருக்கட்டும். தினமும் நீ வந்து பாலை வாங்கிட்டுப் போ."

"ஓடை கரை புரண்டு போற அன்னைக்கு?"

"காளையைத் திருப்பி ஓட்டிட்டுப் போயிருங்களேன்."

செங்கோடன் குறுக்கே வந்தான். "பாதி நிலம் உழாம கிடக்குது. ஈரம் காயறதுக்குள்ள விதைக்கணும். உனக்கென்ன புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

செவலை அவர்களுக்கு நடுவில் வந்து நின்றது. இப்போது வாயைத் திறந்தது.

"நாச்சாயி, நீ என்னைக் கொடுக்கலை. அனுப்பி மட்டும் வச்சிருக்கே. நான் வேணும்னா வேணும்னு சொல்லு, இருந்துக்கறேன். இவங்களுக்குன்னா அவிழ்த்து விடு. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல நின்னு எனக்குக் கால் வலிக்குது."

நாச்சாயி கிட்டே வந்தாள். பொன்னாத்தாளின் இடுப்பில் இருந்த துணியை விலக்கிப் பார்த்தாள். குழந்தை விழித்துத்தான் இருந்தது. வாய் திறந்திருந்தது. சத்தம் இல்லை. அழுதிருந்தால் அவள் இன்னும் கொஞ்ச நேரம் வாதாடியிருப்பாள்.

முடிச்சு லேசில் வரவில்லை. மழையில் நனைந்து, புழுதி ஏறி, ஆளாளுக்கு இழுத்துக் கல்லாகிவிட்டிருந்தது. விரலால் முடியாமல் பல்லால் கடித்து இழுத்தாள். அவள் முகம் செவலையின் கழுத்தோடு ஒட்டி இருந்தது. செவலை அசையாமல் நின்றது. முதல் சுற்று விட்டது. பிறகு இரண்டாவது. கயிறு அவள் கைக்கு வந்தபோது அதில் செவலையின் மயிர் நாலு ஒட்டியிருந்தது.

கறக்க ஆள் உட்காருவதற்குள் பால் தானாகவே மண்ணில் சொட்டத் தொடங்கியது. பொன்னாத்தாள் கையில் ஏனம் இல்லை. நாச்சாயிதான் ஓடிப்போய்த் தன் செம்பைக் கொண்டு வந்து மடிக்கடியில் பிடித்தாள். பாலில் தண்ணீர் கலந்து சுடவைத்து, ஆற்றி, சங்கில் ஊற்றிக் கொடுத்ததும் அவள்தான். முதல் வாய் வழிந்துவிட்டது. இரண்டாவதும் வழிந்தது. மூன்றாவது வாய்க்குத் தொண்டை அசைந்தது. பொன்னாத்தாள் அப்போதுதான் தரையில் உட்கார்ந்தாள்.

குழந்தை குடித்து முடித்துத் தூங்கிய பிறகு, செவலை நாச்சாயி பக்கம் திரும்பியது.

"ஏனுங்க, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமுங்களா?"

வழியில் போகிற ஒருத்தர் தெரியாத வீட்டு வாசலில் நின்று கேட்பதைப் போலத்தான் கேட்டது. நாச்சாயி ஒரு நொடி அதன் கண்ணைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. அவளை அதற்குத் தெரியவில்லை.

"கிடைக்கும். வா" என்றாள். பிறகு, "வாங்க" என்று திருத்திக்கொண்டு தொட்டியை நிரப்பி வைத்தாள்.

செவலை குடித்தது. "நல்லா இருப்பீங்க" என்றது. பொன்னாத்தாள் தன் முந்தானையில் ஒரு துண்டு கிழித்து அதன் கழுத்தில் கட்டினாள். குழந்தை, தாய், பசு, கன்று எல்லோரும் ஓடையில் இறங்கி அந்தக் கரைக்கு ஏறிப் போனார்கள். கயிற்றோடு போனபோது ஒவ்வொரு அடிக்கும் திரும்பிப் பார்த்த மாடு, இந்தத் தடவை திரும்பவே இல்லை.

மாடு கை மாறுகிற இடத்தில், கட்டினவர்களே பழைய கயிற்றை அவிழ்த்து வைத்துக்கொள்வதும், வாங்குகிறவர்கள் புதுக் கயிறு கொண்டு வருவதும் அன்று முதல் வந்த வழக்கம்தான். அவிழ்க்கிறவர்கள் அந்த நேரத்தில் மாட்டின் முகத்தைப் பார்க்காமல் முடிச்சையே பார்த்துக்கொண்டிருப்பதும் அன்று முதல்தான்.