எலி கடிச்ச சுரம்

ஒரே ஒரு ஊர்ல, கடலுக்கும் மாதா கோயிலுக்கும் நடுவுல ஒரு வீட்டுல, டெலிசியா டெலிசியான்னு ஒருத்தி இருந்தா. கண்ண மூடிக்கோ, காத மட்டும் தொறந்து வச்சுக்கோ. ம் கொட்டணும், சரியா?

டெலிசியாவுக்குப் பாட்டுன்னா உசுரு. ஆனா வாயத் தொறந்தா "க்ரேக்... க்ரேக்"னு தவளைச் சத்தம்தான் வரும். பாடகர் குழுவுல சேத்துக்கவே மாட்டாங்க. அதனால கோயில்ல இருந்த பாட்டுப்பெட்டிய வாசிப்பா. அவ பாடுறதெல்லாம் அந்தப் பெட்டி வாயாலதான்.

அது என்ன பெட்டி தெரியுமா? பாக்க ஆர்மோனியம் மாதிரி, ஆனா பீரோ பெருசு. ஒவ்வொரு கட்டைக்கு அடியிலயும் ஒரு டேப்பு நாடா. ஒவ்வொரு நாடாவுலயும் யாரோ ஒருத்தங்க ஒரே ஒரு சுரத்த "ஆ..."ன்னு பாடிப் பதிஞ்சிருக்கும். கட்டைய அமுக்குனா நாடா ஓடும், "ஆ..."ன்னு பாடும். விரல எடுத்தா ஸ்பிரிங் "விசுக்"னு பின்னால இழுத்துக்கும். திரும்ப அமுக்குனா மறுபடி முதல்லேருந்து பாடும். ம்?

அப்புறம் ஒரு மழைக்காலத்துல கோயில் கூரை ஒழுகி, பெட்டி படுத்துடுச்சு. பங்குச்சாமி சொன்னாரு, "திருவிழாவுக்கு பிஷப் வர்றாரு. அன்னைக்குப் பூசையில இது பாடலன்னா காயலான் கடைக்குத்தான் போகும், பாத்துக்க."

டெலிசியா நேரா பெட்டிகிட்ட ஓடினா. பெட்டி போயிட்டா அவ எப்படிப் பாடுவா?

மூடியத் தொறந்தா. உள்ள ஒரே துரு, ஒரே உப்பு. அமுக்குனா "கர்ர்ர்ர்". ஸ்பிரிட்டுல பஞ்ச நனைச்சு, நாடா உரசுற இடமெல்லாம் தொடச்சா.

அப்புறம் அமுக்குனா, "ஆ...வ்வ்வ்"னு எருமை கொட்டாவி விட்ட மாதிரி வந்துது. நாடாவ இழுக்குற ரப்பர் சக்கரமெல்லாம் கல்லாட்டம் இறுகிக் கெடந்துது. ரப்பருக்கு எங்க போவா? அப்போ பாத்து, மணியடிக்கிற எஸ்தாக்கி அண்ணன் செருப்பு வாசல்ல கெடந்துது. நறுக், நறுக், நறுக். குட்டிக் குட்டியா புதுச் சக்கரம்.

"டெலிசியா, என் வலது செருப்பப் பாத்தியா?"

"அது பாடகர் குழுவுல சேந்துடுச்சுண்ணே."

மூணாவதா... தூங்கிட்டியா? ம். மூணாவதா, நடுவுல ஒரு கட்டைய அமுக்குனா சத்தமே வரல. எட்டிப் பாத்தா, எலியம்மா அந்த நாடாவக் கடிச்சு மெத்தை போட்டு, குட்டிங்களோட படுத்திருக்கு. "கீச் கீச்." அவங்கள ஒரு தேங்காச் சிரட்டையில தூக்கி மாமரத்தடியில குடிவச்சா. ஆனா அந்தச் சுரம் போயிடுச்சே. அதப் பாட இப்ப யாரு?

பங்குச்சாமி பாடிப் பாத்தாரு, இருமல் வந்துது. எஸ்தாக்கி அண்ணன் பாடிப் பாத்தாரு, தெருநாயெல்லாம் கூடவே ஊளையிட்டுது. அப்போ தெருவுல கித்தேரி சித்தி மீன் கூடையோட கூவிக்கிட்டே வந்தா. அதே சுரம். அத்தனை நீள மூச்சு.

"சித்தி, 'ஆ'ன்னு மட்டும் பாடணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"இவ்வளவுதான மவளே? பதிஞ்சுக்க."

"ஆ..."ன்னு சித்தி தேனாட்டம் பாடினா. ஆனா பழகின வாய் சும்மா இருக்குமா? கடைசியில "மத்தி, நெத்திலி, இப்பப் புடிச்சது"ன்னு முடிச்சுட்டா. அழிச்சுத் திரும்பப் பதியலாம்னா, பதியுறதுக்கு இரவல் வாங்கின டேப்பு மெஷினு "புஸ்"னு புகைஞ்சு போச்சு.

பரவாயில்ல, மத்தி வர்றதுக்குள்ள விரல எடுத்துடலாம்னு டெலிசியா மனசத் தேத்திக்கிட்டா.

திருவிழாவும் வந்துது. பிஷப்பும் வந்தாரு. பெட்டி பாடுது, அந்தக் கட்டை வரும்போதெல்லாம் டெலிசியா தொட்டதும் எடுத்துடுறா. விசுக், விசுக். ஊரே கண்ணத் தொடைக்குது. கடைசி ஆமென் வந்துது. பாத்தா, அந்தச் சுரத்துலதான் முடியுது. பாடகர் குழுவுக்குக் கையசைக்கிற சூசை மாஸ்டர் கை கீழ இறங்குற வரைக்கும் யாரும் நிறுத்தக் கூடாதுங்கிறது அந்தக் கோயில் சட்டம். மாஸ்டரோ, பிஷப் பாக்குறாருன்னு கைய எறக்கவே இல்ல. டெலிசியா விரல எடுக்க முடியாம மாஸ்டர் கையவே பாக்குறா. எறக்குங்க மாஸ்டர், எறக்குங்க...

"ஆ... மத்தி, நெத்திலி, இப்பப் புடிச்சது."



முன்வரிசையில சவேரியா ஆச்சி வாய் தவறிக் கேட்டா, "எப்படிக் குடுக்குற?"

பின்னாலேருந்து கித்தேரி சித்தி, "பூசை முடியட்டும் ஆச்சி, தாறேன்."

பிஷப்போட தோள் குலுங்குச்சு, தொப்பி "தொப்"னு விழுந்துது. சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி. "சாமி, மத்தியானம் நெத்திலி உண்டா?"ன்னாரு.

அதுக்கு மேல பெட்டிய யாரு காயலான் கடைக்கு அனுப்புவா? பங்குச்சாமி ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு, "டெலிசியா, பெட்டி இங்கயே இருக்கட்டும். கவுச்சி சாப்பிடாத தவக்காலத்துல மட்டும் அந்தக் கட்டையத் தொடாத. ஊரே நோன்ப முறிச்சுடும்."

பெட்டி கோயில்லயே தங்கிடுச்சு, கதை கரையேறிடுச்சு, நீ தூங்கு கண்ணு.