முறுக்குக்குத் தாடி குடுத்த ஒச்சு

உலகத்துக்குப் புத்தியைப் பங்கு வச்ச அன்னைக்கு சேவுகன், பூவலிங்கம், ஒச்சு மூணு பேரும் பஸ்ஸை விட்டுட்டானுங்க போல. அதுக்கப்புறமாச்சும் போய்க் கேட்டு வாங்கியிருக்கலாம், அதுவும் செய்யல. இந்த மூணு பேரோடதான் நான் மதுரையில ஒரே மாடி வீட்டுல தங்கி காலேஜுக்குப் போறேன்.

எங்கிட்ட ஒரு பாம்பு இருக்கு. பால் பைத்தான். பயந்தா பந்து மாதிரி சுருண்டுக்குற வெளிநாட்டு மலைப்பாம்பு, விஷம் கிடையாது. பேரு முறுக்கு. போன தடவை தோல் உரிக்கிறப்ப பிஞ்சு பிஞ்சு வந்து, கண்ணு மேல ஒரு துண்டு ஒட்டிக்கிச்சு. "இன்னொரு தடவை இப்படி ஆனா கண்ணு போயிரும்"னுட்டாரு டாக்டர். இந்தத் தடவை உடம்பு மங்கி, அது தோல் உரிக்கப்போற நேரம் பார்த்து எனக்குத் திருச்சியில பட்டிமன்றம்.

மூணு பேரையும் உக்கார வச்சு சொன்னேன். "முறுக்கு உடம்பு மங்கிப்போயி, கண்ணு வெள்ளையா இருக்கும். எரை போடாதீங்க. பெட்டி ஈரமா இருக்கணும். உரசிக்கச் சொரசொரப்பா ஏதாவது குடுங்க. கையால மட்டும் தொட்டுராதீங்க. தோல் ஒரே துண்டா வரணும்."

மூணு தலையும் ஆடுச்சு. தலையாட்டுறதுல அவனுங்களை அடிச்சுக்க ஆளே கிடையாது.

பஸ் மேலூர் தாண்டலை, பூவலிங்கம் போன் பண்ணிட்டான்.

"மாப்ள, பெட்டியை நல்லா ஈரமாக்கிட்டோம்."

"எப்படிடா?"

"குழாயடியில வச்சு வெளிப்பக்கம் பூராத் தண்ணி ஊத்திட்டோம். பயப்படாத, உள்ள ஒரு சொட்டு போகலை."

நான் கத்துன கத்துல கண்டக்டர் விசில் அடிச்சு வண்டியையே நிறுத்திட்டாரு. "பெட்டிக்குள்ள ஈரத்துணி போடுங்கடா!"

ஈரத்துணிக்கு அந்த வீட்டுல என்ன பஞ்சம்? வாரக்கணக்கா வாளியில ஊறிக்கிட்டுக் கிடந்த மூணு பேர் ஜீன்ஸும் பெட்டிக்குள்ள போச்சு.

அடுத்து சொரசொரப்பு. மாநாடு கூடுச்சு.

"கல்லு வைக்கலாமா?"

"கல்லு சில்லுனு இருக்கும்டா. சளி புடிக்கும்."

"உப்புத்தாள்?"

"ஐயையோ, தோலு உரிஞ்சிரும்!"

அப்பதான் சேவுகன் ஒச்சு மூஞ்சியைப் பார்த்தான். "இந்த வீட்டுலயே பெரிய சொரசொரப்பு இவன் தாடிதான்."

ஒச்சு யோசிச்சான். "தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கானே?"

"கையாலதானடா தொடக்கூடாது? தாடி என்ன கையிலயா மொளைச்சிருக்கு?"

இதுக்கு நான் பட்டிமன்றத்துல கூடப் பதில் சொல்லியிருக்க முடியாது. ஒச்சு குப்புறப் படுத்து மோவாயைப் பெட்டிக்குள்ள விட்டுட்டான். முறுக்கு வந்து மூக்கை அந்தத் தாடியில உரசுச்சு. ஈர ஜீன்ஸ் காலுக்குள்ள நுழைஞ்சு மறுபக்கம் வந்துச்சு. ஒச்சு கண்ணசந்து முழிக்கிறான், தோல் மூக்குல இருந்து வால் வரைக்கும் ஒரே துண்டாக் கழண்டு கிடக்கு. அதோட நிறுத்தியிருந்தா அவனுங்க கால்ல விழுந்திருப்பேன்.

பூவலிங்கம் அந்தத் தோலைப் பார்த்து நெஞ்சுல கை வச்சான். "முறுக்கு எப்படி இளைச்சிருச்சு பாருடா!"

"பட்டினி போட்டா இளைக்காதா?"

"அப்ப அந்த மூலையில பளபளன்னு கிடக்குறது யாரு?"

சேவுகன் குனிஞ்சு பார்த்துட்டுத் தோலைக் காட்டினான். "மங்கலா இருக்கும், கண்ணு வெள்ளையா இருக்கும்னு அவன் அடையாளம் சொன்னானா இல்லையா? இது மங்கலா இருக்கு, கண்ணும் வெள்ளை. இதான் முறுக்கு. அவன் திருட்டுப்பய. கல்யாண வீட்டுக்கு வந்தவன் மாதிரி மினுக்கிக்கிட்டு."

"பெட்டி பூட்டியிருந்துச்சே?"

"பூட்டுன வீட்டுக்குத்தான்டா திருடன் வருவான். தொறந்த வீட்டுக்கு விருந்தாளிதான் வருவான்."

மூலையில கிடந்தது முறுக்கு இல்லைன்னு ஆயிருச்சு, அதனால கையால தொடலாம். தூக்கித் தலையணை உறைக்குள்ள போட்டு முடிச்சுப் போட்டானுங்க. பாம்பு புடிக்கிறவர்கிட்ட ஒப்படைக்கிற வேலை ஒச்சுக்கு. பெரிய மனுசரைப் பார்க்க மரியாதையாப் போகணுமே? பழைய பழுப்புச் சட்டையையும் கைலியையும் பாயில கழட்டிப் போட்டுட்டு, புதுச்சட்டை மாட்டிக்கிட்டான். பாம்பு உரசுன தாடி அரிச்சுதுன்னு போற வழியில சலூன்ல அதையும் எடுத்துட்டான்.

நான் திருச்சியில இருந்து வந்து ஏறுறேன், மாடிப்படியில மழமழன்னு உக்காந்திருக்கான் ஒச்சு. மடியில தலையணை உறை.

"என்னடா அதுல?"

"பாம்பு. அந்த ஆளு பார்த்துட்டு, 'யாரோ ஆசையா வளர்க்குற பாம்பு, போய்க் குடுத்துரு தம்பி'ன்னாரு. அது யாரா இருக்கும்னுதான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

முடிச்சைப் பிடுங்கித் தொறந்தேன். முறுக்கு! ரெண்டு கண்ணும் கண்ணாடி மாதிரி. பழைய தோல் வால் நுனியில கூட ஒட்டலை. எனக்கு அழுகையே வந்துருச்சு. வந்த அழுகையை முழுங்கிட்டு, ஒச்சுவை அறையத்தான் கையை ஓங்கினேன்.

"இரு மாப்ள, அதை விடு. இவனுங்க என்னை உள்ள விட மாட்டேங்குறானுங்க."

கதவை இடிச்சேன். "தொறங்கடா!"

ஜன்னல்ல சேவுகன் தலை தெரிஞ்சுச்சு. "நீ வா. கூட நிக்கிற புது ஆளை அனுப்பிட்டு வா."

"ஒச்சுடா அது!"

"எங்க ஒச்சுக்குத் தாடி இருக்கும். பழுப்புச் சட்டை போட்டிருப்பான். இந்தா, பாயில கிடக்கான் பாரு."

"அது வெறும் சட்டைடா முண்டம்!"

"இளைச்சிட்டான், பாவம். காலையில இருந்து சாப்பிடலை."

"தலை எங்கடா?"

"குளிருது, உள்ள இழுத்துக்கிட்டான். முறுக்கும் அவன் பக்கத்துலதான் படுத்திருக்கு."

நான் காலைத் தூக்கிக் கதவை உதைக்கப் போனேன். ஒச்சு பதறிப்போய் என் தோளைப் புடிச்சு, காதோட காதா சொன்னான்:

"மெதுவா மாப்ள, மெதுவா. உள்ள நான் இப்பதான் கண்ணசந்திருக்கேன்."