கா என்று கத்திய காகம்

இந்தக் கதையை எனக்குச் சொன்னது கல்லூரி விடுதியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த தவமணி. அவளுக்குச் சொன்னது வேதாரண்யத்தில் உப்பு லாரி ஓட்டும் அவள் சித்தப்பா. அவருக்கு யார் சொன்னார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு வாய் மாறி வந்த கதை. எங்காவது பிசகியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் பறவைகளும் விலங்குகளும் பேசின. ஆனால் எல்லாம் ஒரே மொழி பேசவில்லை. அதது பிறந்த மண்ணில் மனிதர்கள் எதைப் பேசினார்களோ அதையே பேசின. பனிக்காலம் வந்தால் கோடிக்கரைக் காட்டில் நாலாபக்கத்துப் பறவைகளும் வந்து இறங்கும். ஆளுக்கு ஒரு மொழி. இடையிடையே அரைகுறைத் தமிழ். காட்டுக்குள் நுழைந்தால் காது வலிக்கும்.

அங்கே ஒரு பாலை மரத்தின் உச்சியில் மையாள் என்று ஒரு காகம் கூடு கட்டியிருந்தது. மையாளுக்கு வளவளவென்று பேசினால் பிடிக்காது. எதையும் ஓர் எழுத்தில் முடித்துவிடும். யாரையாவது கூப்பிட வேண்டுமா? "வா." அனுப்ப வேண்டுமா? "போ." அவ்வளவுதான். அதே மரத்தின் பொந்தில் இருந்த அணில் இதைப் பார்த்து அலுத்துக்கொள்ளும்.

"மையாக்கா, முழுசாப் பேசினா உன் வாயில இருந்து முத்தா உதிர்ந்துடும்?"

"உதிராது. ஆனா நேரம் மிச்சம்" என்று மையாள் திரும்பிக்கொள்ளும்.

இப்படி நகமும் சதையுமாக இருந்தவர்களுக்குள் அந்த வருஷம் சண்டை வந்தது. மையாள் ஒளித்து வைத்திருந்த பாலைப்பழம் ஒன்றை அணில் தின்றுவிட்டது. மூன்று நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை.

மூன்றாம் நாள் முற்பகல். கூட்டில் மூன்று குஞ்சுகள், இன்னும் இறகு முளைக்காதவை. ஊர் திரும்ப இருந்த விருந்தாளிப் பறவைகள் கீழ்க்கிளையில் கூடியிருந்தன. மராட்டிய தேசத்து நாரை, இலங்கைக் கிளி, சயாம் தேசத்து வாத்து. மரத்தின் பின்பக்கமாக ஒரு சாரைப்பாம்பு சத்தமில்லாமல் மேலே ஏறிக்கொண்டிருந்தது. கீழே இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. அவ்வளவு அடர்த்தியான இலை.

மையாள் பார்த்துவிட்டது. பாய்ந்து போய்ப் பாம்பின் தலையில் கொத்தியது. பாம்பு சீறியது. கொத்திவிட்டு விலகி, மறுபடி கொத்தப் போகும் இடைவெளியில் ஓர் எழுத்துக்குத்தான் மூச்சு இருந்தது. அதுவும் மையாளுக்கு வழக்கமானதுதான். காப்பாற்றுங்கள் என்பதை அது இப்படிச் சொன்னது:

"கா!"

நாரை கழுத்தை நீட்டியது. மராட்டியத்தில் அதற்கு 'ஏன்' என்று பொருள்.

"ஏன்னா? எது ஏன்? நீதானே மேல இருக்கே, நீதான் சொல்லணும்."

மையாளுக்கு உடம்பு எரிந்தது. ஒரு கொத்து. "கா!"

"சாப்பிட்டாச்சாம்" என்றது இலங்கைக் கிளி. அதன் ஊர்ச் சிங்களத்தில் அதற்குத் 'தின்று' என்று பொருள். "நல்லது அக்கா. என்ன சாப்பிட்டீங்க? எங்களை ஒரு வாய்க்குக் கூப்பிடலியே."

"கா! கா!"

வாத்து குபீரென்று சிரித்தது. சயாமில் அந்தச் சொல்லுக்குக் காகம் என்றே பொருள். "காகம், காகம்னு கத்துது! அம்மா, நீ காகம்னு எங்களுக்குத் தெரியும். கண்ணு இருக்கு எங்களுக்கு. பேரை எத்தனை தடவை சொல்லுவே?"

"இல்ல, அது கேள்விதான் கேட்குது" என்றது நாரை.

"கேள்வி கேட்கிறவ இப்படியா கத்துவா? வயிறு நிறைஞ்சா வர்ற சத்தம் அது" என்றது கிளி.

மேலே பாம்பு கூட்டின் விளிம்பில் தலையை வைத்துவிட்டது. கீழே சொற்பொருள் விவாதம் நடந்துகொண்டிருந்தது. மையாளுக்குப் பாம்பின் மேல் இருந்த கோபத்தைவிட இவர்கள் மேல்தான் கோபம் அதிகமானது. பாம்பு பாம்பாக இருக்கிறது. இவர்களுக்கு என்ன கேடு? பொந்துக்குள் அணில் இருக்கிறதே, அது இதே மண்ணில் பிறந்ததுதானே, அதற்குப் புரியுமே என்று பொந்தைப் பார்த்துக் கத்தியது.

"கா!"

அணில் வாலை உதறிக்கொண்டு வெளியே வந்தது. அதற்குக் கண் கலங்கியிருந்தது.

"மூணு நாளாப் பேசல. இப்ப ஊரே பார்க்க, என் மூஞ்சிக்கு நேரா ஒத்தை எழுத்துல முடிச்சுட்டே இல்ல? இனிமே நமக்குள்ள ஒண்ணும் கிடையாது, அதானே? சரி. நானும் கா!" என்று சொல்லிவிட்டுப் பொந்துக்குள் போய்விட்டது.

அந்தக் கணத்தில் பாம்பு ஒரு குஞ்சைக் கவ்வியது.

அதற்குப் பிறகு மையாள் வாயிலிருந்து வந்ததைச் சொல் என்றே சொல்ல முடியாது. கத்தல். தொண்டை கிழிந்து, பாதி அழுகையாக வந்த கத்தல்.

உப்பளத்தின் மேல் பறந்துகொண்டிருந்த வேறொரு காகம் அதைக் கேட்டது. முன்பின் தெரியாதது. ஒன்றும் கேட்காமல் நேராக வந்து பாம்பின் மேல் விழுந்தது. அது கத்தியதைக் கேட்டு இன்னொன்று, அதற்குப் பின்னால் நாலு. பாம்பு கவ்விய குஞ்சோடு கீழே விழுந்து புதருக்குள் ஓடி மறைந்தது.

கூட்டில் இரண்டு குஞ்சுகள் மிஞ்சின.

மூச்சு திரும்பிய பிறகு மையாள் அந்த முதல் காகத்திடம் கேட்டது. "நான் என்ன சொன்னேன்னு உனக்குப் புரிஞ்சுதா?"

"இல்லையே. நீ கத்தினே, வந்தேன். என்னன்னு வந்து பார்த்துக்கலாம்ல?"

கீழே இருந்த மூன்று விருந்தாளிகளும் அன்று சாயங்காலமே கிளம்பிப் போயின.

மறுநாள் காலை அணில் கூட்டின் ஓரத்துக்கு வந்தது. வாயில் ஒரு பாலைப்பழம். அதைக் கீழே வைத்தது. மன்னிப்புக் கேட்க எந்தச் சொல்லை எடுத்தாலும் அது வேறொன்றாகப் போய்விடுமோ என்று பயந்து, கடைசியில் ஒரே ஒரு சொல் சொன்னது.

"பழம்."

மையாளுக்குச் சொல் என்றாலே சலித்துப்போயிருந்தது. தலையை ஒரு பக்கம் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது. மறுபக்கம் சாய்த்து அடுத்த கண்ணால் பார்த்தது.

"பழம்னா?"

"பழம்தான். நான் தின்னதுக்குப் பதிலா. வேற ஒண்ணும் இல்ல."

நெடுநேரம் கழித்து மையாள் அதை அலகில் எடுத்துக்கொண்டது.

அன்று முதல்தான் ஒரு காகம் கத்தினால் ஏன் எதற்கு என்று கேட்காமல் மற்ற காகங்கள் வந்து கூடுகின்றன. பிள்ளைகள் சண்டை போட்டால் 'கா' விட்டு, சமாதானமானால் 'பழம்' விடுகிறார்கள்.

பிறகு நூலகத்தில் அகராதிகளை எடுத்துப் பார்த்தேன். மராத்தியில் 'கா' என்றால் ஏன் என்பது சரி. சயாம் என்ற தாய்லாந்தின் மொழியில் காகம் என்பதும் சரி. சிங்களத்தில் 'தின்று' என்ற பொருள் இருக்கிறது, ஆனால் 'தின்று குடித்து' என்று சேர்த்துச் சொல்லும்போதுதான் பெரும்பாலும் வருமாம். அதைத் தவமணி என்னிடம் சொல்லவில்லை. தமிழ் அகராதியில் 'கா' என்பதற்குக் காத்தல் என்று போட்டிருந்தது. கூடவே சோலை என்றும் போட்டிருந்தது.