உயிரோடு விட்ட கெண்டைகள்

ஏரிக்கு ஓர் ஊர், ஊருக்கு ஓர் அரசன் என்று இருந்த காலம். அப்போது நடந்ததைச் சொல்கிறேன், பிள்ளைகளும் கேளுங்கள், பெரியவர்களும் கேளுங்கள்.

எயினங்கோ என்றொரு சிற்றரசன் இருந்தான். மூன்று போர்களில் எத்தனையோ பேரை வெட்டியவன். ஒருநாள் வாளைக் கழற்றி வைத்துவிட்டு, "இனி ஓர் உயிரையும் கொல்ல மாட்டேன்" என்று ஊரறியச் சபதம் செய்தான்.

ஆனாலும் வேட்டை ஆசை போகவில்லை. மயிலிறகைத் தூண்டில் முள்ளில் சுற்றி, ஈயைப் போலவே கட்டுவான். மீனின் வாய் கிழியாதபடி முள்ளை மழுக்கி வைப்பான். அந்த இறகு நீர்மேல் விழுந்ததும் கெண்டை வந்து கவ்வும். இழுப்பான், அலைக்கழிப்பான், கரையில் எடுத்துத் தடவிக் கொடுப்பான். பிறகு, "பிழைத்துப் போ" என்று ஏரியிலேயே விடுவான். அரசனின் கருணையை ஊரே மெச்சியது.

அந்த ஆண்டுக் கோடை கொடியது. கிணறுகள் வற்றின. ஏரி சுருங்கி, நடுவில் ஒரு மடுவாகக் கிடந்தது. ஊருக்குக் குடிக்க இருந்தது அது ஒன்றுதான். அந்தத் தண்ணீரும் காலைச் சுட்டது. கெண்டைகள் மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடின.

அரசனுக்குக் கொண்டாட்டம். இறகை வீசினால் போதும், ஒரு மீன் சிக்கியது.

ஏரியைக் காத்துவந்த வெள்ளச்சி ஓடி வந்தாள். "வேண்டாம் அரசே. இந்தச் சூட்டில் மீனுக்கு மூச்சே இல்லை. இழுபட்டால் தாங்காது. மழை வரட்டும்."

"நான் கொல்கிறேனா? விட்டுவிடுகிறேன் அல்லவா?" என்றான் அவன்.

இரண்டாம் நாள் அவள் காலில் விழுந்தாள். அவன் சிரித்தான். மூன்றாம் நாள் நீரில் இறங்கி மறித்தாள். காவலர்கள் அவளை இழுத்துப் போனார்கள்.

நான்காம் நாள் காலையில் மடு வெள்ளையாகத் தெரிந்தது. செத்த கெண்டைகள், வயிறு மேலாக, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை மிதந்தன. வாரி எடுத்தும் நாற்றம் போகவில்லை. வேறு தண்ணீர் ஏது? மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார்கள். வாந்தியும் பேதியும் வந்தன. பத்து நாளில் பதினேழு பேர் போனார்கள். பதினேழாவது, வெள்ளச்சியின் ஒரே மகள் பொன்னரி.

அரசன் அவள் குடிசைக்கு நடந்தே வந்தான். "தாயே, நான் ஒன்றையும் கொல்லவில்லையே. என் கையை விட்டுப் போகும்போது எல்லாமே உயிரோடுதானே இருந்தன?"

மகளின் முகத்திலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை. "விட்டீர்கள், அரசே. நீந்திப் போனதா என்று நின்று பார்த்தீர்களா?"

அவன் குடிசைக்கு வெளியே வந்தான். மண்வெட்டியை எடுத்தான். வெடித்த நிலத்தில் உச்சி வெயிலில் தானே குழி தோண்டினான். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வடிந்தது. யாரும் தடுக்கவில்லை, யாரும் துணைக்கும் வரவில்லை. தோண்டி முடித்துக் கையை நீட்டினான். வெள்ளச்சி அவனைத் தொட விடவில்லை. மகளைத் தானே இறக்கி வைத்து, தானே மண்ணைத் தள்ளினாள்.

கேட்டவர்களே, நான் கொல்லவில்லை என்று சொல்லிக்கொள்வது இரக்கமாகாது; நம் கையை விட்டுப் போனது பிழைத்ததா என்று பார்ப்பதே இரக்கம்.