கடலைப் பள்ளத்தில் வைத்தவன்

எவனோ ஒருத்தன் கடலைக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் வைத்துவிட்டான். மேட்டில் வைத்திருந்தால் ஊர்த் தண்ணீர் அங்கே போயிருக்குமா? நண்டுக்காரி வியாகுலத்தின் தீராத வழக்கு இதுதான்.

மழை பெய்தால் போதும். மெக்கானிக் கடை எண்ணெய், சோப்பு நுரை, மீன் கழுவிய கசடு எல்லாம் ஊர்வலமாகக் கழிமுகத்துக்குக் கிளம்பிவிடும். அங்கே கூண்டில் அவள் வளர்க்கும் நண்டுகள் மல்லாந்துவிடும்.

இன்ஜினியரம்மா ஒருத்தி வந்து வழி சொன்னாள். "தெருக்கோடியில முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டுங்க. மணல் போட்டு வெட்டிவேர் நடுங்க. தெருத்தண்ணி அதுல தங்கி, அழுக்கை விட்டுட்டு மண்ணுக்குள்ள இறங்கிடும். கடலும் பிழைக்கும், நண்டும் பிழைக்கும்."

"முழங்கால் கட்டுப்படியாகாது. கணுக்கால்னு முடிச்சுக்குவோம்" என்றாள் வியாகுலம். சொன்ன விலைக்குத் தலையாட்டி அவளுக்குப் பழக்கமில்லை.

"இதுல பேரமே கிடையாதும்மா. முழங்கால்னா முழங்கால்."

இன்ஜினியரம்மாவின் ஜீப் மறைந்ததும் ஊர் கூடியது.

"யாரு முழங்கால்னு சொல்லலியே?" என்றார் ஊர்ப் பெரியவர் மிக்கேல், தீர்ப்புச் சொல்கிற முகத்தோடு.

வியாகுலம் தன் கொழுந்தன் சந்தியாகுவை இழுத்து நிறுத்தினாள். ஊரிலேயே நெட்டையன். முழங்கால் எங்கேயோ இருந்தது.

"ஏலே, படு."

படுத்தான். இப்போது முழங்கால் தரைக்கு மேலே ஒரு சாண்கூட இல்லை.

"மதினி, படுத்தாலும் இது முழங்கால்தானா?"

"பின்னே, தோளா?"

அவள் சாமர்த்தியத்தில் ஊரே சொக்கிப்போனது. டீ ஆறுவதற்குள் பள்ளம் தயார்; வெட்டிவேரும் நட்டாயிற்று. வெட்டிய மண்ணைச் சுற்றிலும் கரையாகக் கட்டச் சொன்னாள். புதுச் செடியாயிற்றே, தெருத்தண்ணீர் பட்டால் அழுக்காகிவிடாதா?

மழை கொட்டியது. தெருத்தண்ணீர் கரைவரை வந்தது; முட்டியது; ஒதுங்கிக் கடலைப் பார்க்கப் போய்விட்டது.

"உள்ள வர மாட்டேங்குதே, மதினி!"

"ரோஷம்லே. நாம முறையா அழைக்கலியே" என்றார் மிக்கேல். கரைமேல் ஏறிக் கைகூப்பி, "வாங்க, வாங்க" என்று தண்ணீரை வரவேற்கத் தொடங்கினார். அது அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

வியாகுலத்துக்கு நண்டு ஞாபகம் வந்தது. ஓடினாள். கூண்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு திரும்பினாள். ஊரில் தெருத்தண்ணீர் தொடாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: தெருத்தண்ணீருக்காக வெட்டிய பள்ளம்! நண்டுகளை அதற்குள் கவிழ்த்துவிட்டு இடுப்பில் கைவைத்துப் பெருமையாக நின்றாள்.

நண்டுகள் பள்ளத்தைப் பார்த்தன. கரையைப் பார்த்தன. சாவகாசமாக ஏறி, தெருத்தண்ணீரில் இறங்கி, ஊர்வலத்தோடு கடலுக்குப் போய்விட்டன.

"நிக்கிற முழங்காலா இருந்தா ஏறியிருக்காதோ, மதினி?"

"வாயை மூடுலே!"

விறுவிறுவென்று கடற்கரைக்குப் போனாள்; சந்தியாகுவும் பின்னாலேயே போனான். "கடலைப் பள்ளத்துல வச்சவனே, வாடா வெளியே! தண்ணியும் உன் பக்கம், நண்டும் உன் பக்கமா? மரியாதையா முழங்கால் உசரம் தூக்கி வச்சுட்டுப் போ!"

ஓர் அலை மட்டும் வந்து அவள் புடவையை நனைத்தது.

வியாகுலம் பேரத்தில் பழம் தின்று கொட்டை போட்டவள். குரலைக் கொஞ்சம் இறக்கினாள். "சரி, உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். ஏலே சந்தியாகு, படு! இந்தா பாருப்பா, இந்த முழங்கால் உசரமாவது தூக்கி வை!"