மொட்டுவின் உடைந்த குரல்

மலையடிவாரக் காட்டில், ஓடைக்கரையில், ஒரு காட்டுக்கோழிக் கூட்டம் இருந்தது. அதில் ஒரு விடலைச் சேவல். பெயர் மொட்டு. குஞ்சாக இருந்தபோது பூமொட்டு மாதிரி குண்டாக இருந்தான் என்று அவன் அம்மா செவலை வைத்த பெயர் அது.

இப்போது பார்க்க வேண்டுமே! கால் இரண்டும் நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டன. கொண்டை சிவந்துவிட்டது. வாலில் இரண்டே இரண்டு நீள இறகுகள் பளபளவென்று முளைத்திருந்தன. அந்த இரண்டின் அழகைப் பார்க்கவே ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஓடைத் தண்ணீருக்குப் போவான். போகிற வழியில் தன் காலே தடுக்கி விழுவான்.

"மொட்டு, சாப்பிட வாடா!" என்று செவலை கூப்பிட்டால் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"அம்மா! எல்லார் முன்னாடியும் மொட்டுன்னு கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது!"

அடுத்த நிமிஷமே அம்மாவின் இறக்கைக்குள் புகுந்துகொள்ளப் பார்ப்பான். தலை மட்டும்தான் நுழையும். அந்த வயசு அப்படித்தான், என்ன செய்ய!

கூட்டத்துக்குத் தலைவர் கொண்டையப்பன் என்ற பெரிய சேவல். வானத்தில் வல்லூறு தெரிந்தால் "புதர்!" என்று ஒரே ஒரு சத்தம் கொடுப்பார். உடனே மொத்தக் கூட்டமும் கரையில் அடர்ந்திருந்த உண்ணிச்செடிப் புதருக்குள் ஓடி ஒளியும். ஏன், எதற்கு என்று யாரும் கேட்டதில்லை.

மொட்டு கேட்டான்.

"பெரியப்பா, எப்பவும் ஏன் அதே புதருக்கு ஓடறோம்?"

"எங்க அப்பா காலத்துல இருந்தே அதுதான்டா புதர்!"

"அது பதில் இல்லையே! நமக்கு முன்னாடியே அங்க வேற யாராவது போய் உட்கார்ந்திருந்தா?"

"காலோட சேர்ந்து வாயும் நீண்டுபோச்சு உனக்கு! போய் வேலையைப் பாரு!"

கூட்டம் கொக்கொக்கென்று சிரித்தது.

ஒரு நாள் காலை. ஓடையை ஒட்டிய பாறைமேல் மொட்டு ஏறினான். முதல் முதலாகக் கூவப் போகிறான்! நெஞ்சை நிமிர்த்தினான். கழுத்தை நீட்டினான்.

"கொக்கரக்... கீஈஈச்!"

பாதி சேவல், பாதி குஞ்சு! குஞ்சுகள் விழுந்து விழுந்து சிரித்தன. கொண்டையப்பன் சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமலே வந்துவிட்டது. செவலைகூடத் தன்னை மறந்து சிரித்துவிட்டாள். மொட்டுவுக்கு அதுதான் வலித்தது.

அன்றோடு அவன் வாய் மூடிக்கொண்டது. பாறைமேலேயே தனியாக உட்கார்ந்திருப்பான். வெயில் ஏறினால் பாறைக்கு அடியில் ஓர் இடுக்கு உண்டு, அதற்குள் போய்ப் படுத்துக்கொள்வான். அதன் வாய் ஒரு கோழி ஒடுங்கி நுழையும் அளவுதான்; உள்ளேயோ இருபது கோழிகள் தாராளமாக நிற்கலாம். அந்த இடம் அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

"கீழே வாடா ராசா," என்று செவலை பாறையடியில் வந்து நின்று கெஞ்சுவாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

எதிர்க்கரையில் ஒரு காட்டுப்பூனை இருந்தது. நாலு நாளாக இந்தக் கூட்டத்தையே நோட்டம் விட்டுக்கொண்டிருந்தது.

"துரத்தவும் வேண்டாம், தேடவும் வேண்டாம்! வல்லூறு வந்தால் போதும். சாப்பாடு தானாக ஓடி என் வாய்க்குள் விழும்!" என்று நாக்கைச் சப்புக்கொட்டியது. ஐந்தாம் நாள் முன்கூட்டியே உண்ணிப்புதருக்குள் போய்ப் பதுங்கிக்கொண்டது.

கூட்டம் சருகைக் கிளறித் தின்றுகொண்டிருந்தது. பாறைமேல் இருந்த மொட்டு நிமிர்ந்து பார்த்தான். அந்தப் புதரில் தவிட்டுக்குருவிகள் எந்நேரமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். இன்றைக்குச் சத்தமே இல்லை.

"ஏன்?" என்று யோசித்தான். உற்றுப் பார்த்தான். காற்றே இல்லை. ஆனால் ஓர் இலை அசைந்தது. இலைக்குப் பின்னால் இரண்டு காதுகள்!

மொட்டு அலகைத் திறந்தான். உடனே மூடிக்கொண்டான்.

"கத்தினா மறுபடியும் கீச்சுன்னு வருமே! சிரிப்பாங்களே!"

அந்த நேரம் பார்த்துத் தரையில் ஒரு நிழல் ஓடியது. வல்லூறு!

"புதர்!" என்று கத்தினார் கொண்டையப்பன்.

கூட்டம் ஓடியது. எல்லோருக்கும் முன்னால் செவலையின் புதுக் குஞ்சுகள் ஏழும் குடுகுடுவென்று ஓடின. மொட்டுவின் தம்பி தங்கைகள்! நேராகப் பூனையின் வாய்க்கு!

சிரிப்பு, கேலி எல்லாம் மொட்டுவுக்கு மறந்தே போயிற்று.

"நில்லுங்க! பூனை! புதருக்குள்ள பூனை!"

கட்டையாகத் தொடங்கி, நடுவில் உடைந்து, கிரீச்சென்று முடிந்தது அந்தக் குரல். அப்படி ஒரு குரலை அந்தக் காடு கேட்டதே இல்லை. அதுவே நல்லதாகப் போயிற்று! கொண்டையப்பனின் குரலுக்குக் கால்கள் பழக்கத்தில் ஓடிவிடும். இந்தக் குரலைக் கேட்டதும் அத்தனை பேரும் தூக்கிய கால் தூக்கியபடி நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

பூனைக்குப் பொறுக்கவில்லை. பாய்ந்தது. ஒரு சாண் தூரத்தில் முதல் குஞ்சு தப்பியது!

"ஐயோ, இப்ப எங்க ஓடறது?" என்றாள் செவலை. கொண்டையப்பன் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தார்.

"பாறைக்கு அடியில இடுக்கு இருக்கு! அங்க ஓடுங்க!"

மொட்டு பாறையிலிருந்து குதித்தான். பூனைக்கும் குஞ்சுகளுக்கும் நடுவில் புகுந்தான். இப்படியும் அப்படியும் ஓடிப் பூனைக்குப் போக்குக் காட்டினான். என்ன ஓட்டம்! அந்த நெட்டைக் கால்கள் அன்றைக்கு ஒரு தடவைகூடத் தடுக்கவில்லை. எல்லோரும் இடுக்குக்குள் போன பிறகுதான் அவன் நுழைந்தான். அந்தக் குறுகிய வாயில் நுழைய முடியாத பூனை, கையை மட்டும் நீட்டி ஒரு பிடி பிடித்தது. அதன் கையில் சிக்கியவை இரண்டு நீள இறகுகள்.

கீழே இறங்கிய வல்லூறு பூனையைப் பார்த்தது. பூனை வல்லூற்றைப் பார்த்தது. இரண்டும் வெறும் வயிற்றோடு வந்த வழியே போயின.

உள்ளே செவலை குஞ்சுகளை எண்ணினாள். ஏழும் இருந்தன. பிறகு மொட்டுவின் முதுகைத் தடவினாள்.

"உன் வால் இறகு போச்சேடா!"

"போகட்டும்மா. மறுபடி முளைக்கும்."

கடைசி வார்த்தையில் குரல் கீச்சென்று உடைந்தது. யாரும் சிரிக்கவில்லை.

கொண்டையப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தம்பி, நீ அன்னைக்குக் கேட்ட கேள்விக்கு எங்கிட்ட பதில் இல்லை. அதை மறைக்கத்தான் அதட்டினேன். இனிமே பாறைமேல காவல் நீதான்."

"நானும் சிரிச்சேனே, பாவி!" என்று செவலை அவன் கழுத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "நான் அடைகாத்த பிள்ளைடா நீ!"

மறுநாள் காலை மொட்டு மொட்டை வாலோடு பாறைமேல் ஏறிக் கூவினான்.

"கொக்கரக்... கீஈச்... கோ!"

ஒரு குஞ்சு கிளுக்கென்று சிரித்தது. செவலை அதன் தலையில் செல்லமாக ஒரு கொத்து கொத்தினாள். "நல்லா கேளுடி! உங்க அண்ணன் குரல்!"

அக்கரையில் ஒரு பெண்மயில் நின்றிருந்தது. "யாருடி அது, இப்படிக் கூவுறது?" என்று கேட்டது.

"என் பிள்ளைதான்!" என்றாள் செவலை, காடு முழுக்கக் கேட்கும்படி. "பேரு மொட்டு!"

மொட்டுவுக்கு அது கேட்டது. அவனுக்குக் கோபமே வரவில்லை.

வளரும் பிள்ளையின் குரல் உடைகிறது என்று சிரித்து அதன் வாயை அடைக்காதீர்கள். அது கேட்கும் 'ஏன்?' ஒருநாள் நம்மையே காப்பாற்றும்.